ஜான் மோசஸ் பிரௌனிங்

ஜான் மோசஸ் பிரௌனிங் (சனவரி 23, 1855 – நவம்பர் 26, 1926) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த துப்பாக்கி வடிவமைப்பாளர் ஆவார். தம் வாழ்நாளில் 128 காப்புரிமைகளைப் பெற்றவர். வேட்டைத் துப்பாக்கிகள், இயந்திரத் துப்பாக்கிகள் எனப் பலவற்றை இவர் உருவாக்கியிருந்தாலும், உலகின் பல நாடுகளில் காவல் அதிகாரிகள் பணியின்போது இடுப்பில் அணியும் தானியங்கிக் கைத்துப்பாக்கியின் தந்தை என்றே பெரிதும் அறியப்படுகிறார். இந்தியக் காவல்துறையினரிடம் உள்ள 9 மி.மீ. பிஸ்டல் இவரது கடைசி வடிவமைப்பின் வழிவந்தது. மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்ட துப்பாக்கியும், ஓசூர்க் காடுகளில் கென்னத் ஆண்டர்சன் சுமந்து திரிந்த துப்பாக்கியும் இவருடைய படைப்புகளே.

இளமை

பிரௌனிங் யூட்டா ஆட்சிப்பகுதியில் உள்ள ஆக்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜொனாதன் பிரௌனிங் துப்பாக்கிக் கொல்லர். மோர்மன் சமயத்தைத் தழுவியவர். சமயப் பகைமையால் இல்லினாய் மாநிலத்திலிருந்து வெளியேறிய மோர்மன் மக்களோடு மேற்கு நோக்கி நகர்ந்து 1852இல் யூட்டா வந்து சேர்ந்தார். அவருக்கு மூன்று மனைவியரும் 22 பிள்ளைகளும் இருந்தனர்.

தந்தையின் பட்டறையே ஜானுக்குப் பள்ளியானது. பத்து வயதளவில், பட்டறையில் கழித்துப் போடப்பட்ட பழைய குழல் ஒன்றையும் மரத்துண்டையும் கொண்டு தம் முதல் துப்பாக்கியைச் செய்தார் என்பர். முறையான படிப்பு ஏறத்தாழ 15 வயதோடு முடிந்தது. பிற்காலத்திலும் இவர் வரைபடங்களை அதிகம் நம்பியவரல்லர். உறுப்புகளின் இயக்கத்தை மனத்திலேயே ஓட்டிப் பார்த்து, தகட்டில் வெட்டி, மாதிரியைக் கையால் செய்து முடித்த பிறகே பிறர் அதற்கு வரைபடம் எழுதினர்.

1879ஆம் ஆண்டு இவர் வாழ்வில் முக்கியமானது. அவ்வாண்டு ஏப்ரலில் ரேச்சல் தெரேசா சைல்டு என்பவரை மணந்தார். சூனில் தந்தை இறந்தார். அக்டோபரில் ஒற்றைத்தோட்டா ரைஃபிள் ஒன்றிற்கு முதல் காப்புரிமை கிடைத்தது. உடன்பிறந்தாருடன் சேர்ந்து ஆக்டனில் சிறு தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். தம்பி மத்தேயு வணிகத்தைக் கவனித்துக்கொண்டார்.

வின்செஸ்டர் நிறுவனமும் பிரிவும்

1883இல் வின்செஸ்டர் நிறுவனத்தின் டி. ஜி. பென்னட், ஒற்றைத்தோட்டா ரைஃபிளின் சிறப்பைக் கேள்வியுற்று ஆக்டனுக்கு நேரில் வந்தார். 8,000 டாலருக்கு அதன் உரிமை கைமாறியது. அடுத்த 19 ஆண்டுகளில் பிரௌனிங்கின் வடிவமைப்புகளைத் தொடர்ந்து வின்செஸ்டர் வாங்கியது. அவற்றுள் பெரும்பாலானவை தயாரிக்கப்படவே இல்லை. போட்டி நிறுவனங்களின் கைக்குப் போய்விடக் கூடாதென்றே வாங்கி அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டன. தயாரிக்கப்பட்டவற்றுள் 1886, 1892, 1894, 1895 மாதிரி ரைஃபிள்கள் புகழ்பெற்றவை. இடையில் 1887 முதல் 1889 வரை சமயப் பணிக்காகச் சியார்சியா மாநிலத்தில் தங்கியிருந்தார்.

இந்த உறவு 1902இல் முறிந்தது. தானாகவே தோட்டாவை மாற்றிக்கொள்ளும் சிதறுகுண்டுத் துப்பாக்கி ஒன்றைப் பிரௌனிங் உருவாக்கியிருந்தார். முன்புபோல மொத்த விலைக்கு விற்காமல், விற்பனையாகும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் உரிமத்தொகை வேண்டும் என்றார். பென்னட் மறுத்தார். பிரௌனிங் ரெமிங்டன் நிறுவனத்தை நாடிச் சென்றார். அதன் தலைவர் மார்செல்லஸ் ஹார்ட்லியைக் காணக் காத்திருந்த வேளையில், அவர் மாரடைப்பால் இறந்துவிட்ட செய்தி வந்தது. பிரௌனிங் மாதிரியை எடுத்துக்கொண்டு கப்பலேறி பெல்ஜியம் சென்றார். அங்கே அவருக்கு ஏற்கெனவே நல்ல பெயர் இருந்தது. அதற்குக் காரணம் கைத்துப்பாக்கி.

கைத்துப்பாக்கி

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காவலரின் கைத்துப்பாக்கி என்றால் அது ரிவால்வர் எனப்படும் சுழல் துப்பாக்கிதான். அமெரிக்காவில் கோல்ட், பிரித்தானியப் பேரரசின் பகுதிகளில் வெப்லி என்று நிறுவனப் பெயர் மட்டும் மாறும். ஆறு தோட்டாக்கள் ஓர் உருளையில் இருக்கும். விசையை அழுத்தும்போது உருளை சுழலும். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மீண்டும் அழுத்தினால் அடுத்தது வரும். அதிகப் பயிற்சி இல்லாதவர்க்கும் இது பிடிபட்டது. ஆனால் உருளை தடித்தது. சட்டைக்குள் மறைக்க இயலாது. ஆறு தோட்டாவும் தீர்ந்தபின் மீண்டும் நிரப்ப நேரம் பிடிக்கும்.

1889ஆம் ஆண்டளவில், சுடும்போது குழல்வாயிலிருந்து சீறும் காற்று எதிரே உள்ள நாணலை வளைப்பதைக் கண்டு, வீணாகும் இந்த ஆற்றலையே துப்பாக்கியை இயக்கப் பயன்படுத்தலாம் எனப் பிரௌனிங் கருதினார். அதன் முதல் பயன் இயந்திரத் துப்பாக்கி. அடுத்துக் கைத்துப்பாக்கியின் பக்கம் திரும்பினார். 1897 ஏப்ரலில் ஒரே நாளில் கைத்துப்பாக்கிகளுக்கான நான்கு காப்புரிமைகள் இவருக்கு வழங்கப்பட்டன. இன்றைய பிஸ்டல்களின் அடிப்படை உறுப்புகள் பலவற்றை அவற்றில் காணலாம்.

அவற்றின் செயல்முறை எளிது. பிடிக்குள் நுழையும் தகரக்கூட்டில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். குழலின் மேல் போர்த்தியதுபோல் சிலைடு எனப்படும் நகரும் பகுதி இருக்கும். சுட்டவுடன் எதிர்விசையால் சிலைடு பின்னே ஓடி, வெற்றுக்கூட்டை வெளியே தள்ளும். வில்லின் விசையால் முன்னே வரும்போது அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும். ஆற்றல் குறைந்த தோட்டாக்களுக்குச் சிலைடின் எடையும் வில்லும் போதும். ஆற்றல் மிக்க தோட்டாக்களுக்கு அது போதாது. குண்டு குழலை விட்டு வெளியேறும் முன் பின்பக்கம் திறந்தால் ஆபத்து. எனவே குழலும் சிலைடும் பூட்டிக்கொண்டு சிறிது தொலைவு சேர்ந்தே பின்னோக்கி நகர்ந்து, பிறகு குழல் சற்றுக் கீழே சாய்ந்து பூட்டு விடுபடுமாறு செய்தார். இந்தச் சாயும் குழல் அமைப்பே 1980களில் வந்த ஆஸ்திரிய நாட்டு குளோக் உட்பட, இன்று காவல்துறைகளில் வழங்கும் பெரும்பாலான பிஸ்டல்களிலும் சில மாற்றங்களுடன் உள்ளது.

அமெரிக்காவில் இவற்றைத் தயாரிக்கும் உரிமையைக் கோல்ட் நிறுவனம் பெற்றது. 1897இல் பெல்ஜியத்தின் லியேழ் நகரருகே ஏர்ஸ்டாலில் உள்ள ஃபாப்ரிக் நேசனால் நிறுவனத்தின் பேராளர் ஹார்ட் பெர்க் அமெரிக்கா வந்தார். அவர் வந்தது மிதிவண்டித் தயாரிப்பைப் பார்வையிட. திரும்பும்போது பிரௌனிங்கின் 7.65 மி.மீ. பிஸ்டல் மாதிரியோடு போனார். 1900இல் பெல்ஜியப் படை அதனை ஏற்றது. 1903, 1906, 1910 எனப் புதிய மாதிரிகள் தொடர்ந்தன. 1914இல் பத்து லட்சமாவது பிரௌனிங் பிஸ்டலின் தயாரிப்பை அந்நிறுவனம் விழாவாகக் கொண்டாடியது. பெல்ஜிய அரசர் பிரௌனிங்குக்கு லியோபால்டு விருது வழங்கினார். பிரெஞ்சு மொழியில் பிரௌனிங் என்ற சொல்லே கைத்துப்பாக்கிக்குப் பொதுப்பெயராகிவிட்டது.

தோட்டாக்களையும் இவரே வடிவமைத்தார் என்பது பலரும் கவனிக்காத செய்தி. .25, .32, .380, .45 ஆகிய அளவுகளில் தானியங்கிப் பிஸ்டல்களுக்கான தோட்டாக்கள் இவருடையவை. இந்தியாவில் 9 மி.மீ., .38 போன்ற அளவுகள் தடைசெய்யப்பட்ட விட்டங்களாக இருப்பதால், பொதுமக்களுக்கு உரிமத்துடன் கிடைக்கும் பிஸ்டல்கள் .32 அளவினவாகவே உள்ளன. இச்சாப்பூர் ஆலையின் அசானி என்ற பிஸ்டல் சுடுவது 1899இல் பிரௌனிங் வகுத்த அதே தோட்டாவைத்தான்.

1911 மாதிரி

பிலிப்பைன்சில் மோரோ மக்களுடன் நடந்த போரில் .38 ரிவால்வரின் குண்டு எதிரியைத் தடுத்து நிறுத்தவில்லை என்று அமெரிக்கப் படையினர் முறையிட்டனர். ஆகவே .45 அளவில் ஒரு பிஸ்டல் தேடப்பட்டது. பல ஆண்டுகள் நீடித்த போட்டியின் இறுதியில் கோல்ட் தயாரித்த பிரௌனிங்கின் பிஸ்டலும் சாவேஜ் நிறுவனத்தின் பிஸ்டலும் எஞ்சின. 1911 மார்ச்சில் ஒவ்வொன்றிலும் 6,000 தோட்டாக்கள் சுடப்பட்டன. சூடேறியபோது நீரில் முக்கித் தணித்துத் தொடர்ந்தனர். பிரௌனிங்கின் பிஸ்டல் ஒருமுறைகூடப் பழுதுபடவில்லை. மார்ச் 29 அன்று அது படைக்கு ஏற்கப்பட்டு 1985 வரை அமெரிக்கப் படையின் முறையான கைத்துப்பாக்கியாக இருந்தது.

காவலர்களிடையே இதன் வரலாறு சற்று மாறுபட்டது. அமெரிக்க நகரக் காவல்துறைகள் 1980கள் வரை ரிவால்வரை விடவில்லை. பிஸ்டலைத் தேர்ந்தவர்கள் பெரும்பாலும் தாமே விரும்பித் தேர்ந்தவர்கள். டெக்சாசு ரேஞ்சர் படையின் மானுவேல் கொன்சாலஸ் விசைக்காப்பு வளையத்தின் முன்பகுதியை வெட்டிவிட்ட இரு .45 பிஸ்டல்களை அணிந்தார். அதே படையைச் சேர்ந்த ஃபிராங்க் ஹேமர் தம் பழைய கோல்ட் ரிவால்வரையே இறுதிவரை போற்றினார். எந்த ஆயுதம் சிறந்தது என்பதைவிட, எந்த ஆயுதத்தோடு ஒருவர் பழகியிருக்கிறார் என்பதே காவல் பணியில் முதன்மையாக இருந்ததை இவ்விருவரும் காட்டுகின்றனர்.

ஒரு காவல்துறை முழுவதும் பிஸ்டலுக்கு மாறியதால் நேர்ந்த சிக்கல்களைக் காணச் சாங்காய் செல்ல வேண்டும். அங்குள்ள பன்னாட்டுக் குடியிருப்பின் காவல்துறையில் வில்லியம் ஃபேர்பேர்ன் (1885–1960) பயிற்சி அதிகாரியாக இருந்தார். சீனக் காவலர்களுக்கு .380 கோல்ட் பிஸ்டலும் மேல்நாட்டினருக்கு .45 பிஸ்டலும் தரப்பட்டன. இரண்டும் பிரௌனிங் வடிவமைத்தவை. பதற்றத்தில் பாதுகாப்புத் தாழ்ப்பாளை நீக்க மறப்பதும், அது நீங்கியிருப்பதை மறந்து தவறிச் சுடுவதும் ஆகிய இரண்டுமே உயிர்ப்பலி வாங்குவன என்று ஃபேர்பேர்ன் கருதினார். தாழ்ப்பாளை இயங்காதபடி முளையடித்து அடைத்தார். குழலுக்குள் தோட்டா இல்லாமலே பிஸ்டலை அணிய வேண்டும். உருவும்போதே சிலைடை இழுத்து விட வேண்டும் என்று பயிற்றுவித்தார். கருவியின் தாழ்ப்பாளை நம்பாமல் காவலரின் கைப்பழக்கத்தை நம்பிய முறை இது.

எதிர்த்தரப்பின் கையில்

மறைக்க எளிது, விலை மலிவு, விரைந்து சுடும் என்ற இதே பண்புகள் அரசுகளை எதிர்த்தோரையும் ஈர்த்தன. 1914 சூன் 28 அன்று சாராயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டு கொல்லப்பட்டது 1910 மாதிரி பிரௌனிங்கால். அதற்கு முன்பே இந்தியாவில் அது வெடித்திருந்தது. இலண்டனிலிருந்து சாவர்க்கர் அனுப்பிய 20 பிரௌனிங் பிஸ்டல்களுள் ஒன்றால் நாசிக் ஆட்சியர் ஜாக்சன் 1909 திசம்பர் 21 அன்று கொல்லப்பட்டார்.

1911 சூன் 17 அன்று மணியாச்சித் தொடருந்து நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டதும் பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் பிஸ்டலால்தான். தம்மையும் அதனாலேயே சுட்டுக்கொண்டு இறந்தார். அவருக்குப் புதுச்சேரியில் வ. வே. சு. ஐயர் சுடப் பயிற்சி அளித்திருந்தார். வாஞ்சியின் வரலாற்றைப் படிக்கும் மாணவர் பலர் பிரௌனிங் என்பதைத் துப்பாக்கியின் பெயராக மட்டுமே அறிவர். மணியாச்சி நிகழ்வின்போது அப்பெயர் கொண்ட மனிதர் 56 வயதினராக, பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தார். அமெரிக்கப் படை அவரது .45 பிஸ்டலை ஏற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை.

காவலரே இலக்கான நிகழ்வும் உண்டு. 1928 திசம்பர் 17 அன்று இலாகூரில் உதவிக் காவல் கண்காணிப்பாளர் சாண்டர்ஸ் கொல்லப்பட்டபோது பகத்சிங் பயன்படுத்தியது .32 கோல்ட் தானியங்கிப் பிஸ்டல். 1931 பெப்ரவரி 27 அன்று அலகாபாத் (இன்றைய பிரயாக்ராஜ்) ஆல்பிரட் பூங்காவில் காவலரிடம் அகப்படாமல் போரிட்டு மாண்ட சந்திரசேகர ஆசாத்தின் கையில் இருந்ததும் கோல்ட் பிஸ்டலே. அது அந்நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. இவை பிரௌனிங் கோல்ட் நிறுவனத்துக்காக வடிவமைத்தவை. அக்காலத்தில் அரசுப் பணியிலிருந்த வெள்ளை அதிகாரியின் உறையில் வெப்லி ரிவால்வரும், அவரை எதிர்த்தவரின் சட்டைப்பையில் பிரௌனிங் பிஸ்டலும் இருந்தன எனப் பொதுவாகக் கூறலாம். விடுதலைக்குப் பின் அதே பிரௌனிங்கின் வழித்தோன்றல் காவலரின் உறைக்கு வந்து சேர்ந்தது.

காந்தியடிகளைக் கொன்ற பெரெட்டா இத்தாலிய வடிவமைப்பு, ஆனால் அதன்.380 தோட்டா பிரௌனிங்குடையது.

இறுதி ஆண்டுகள்

முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது இவரது இயந்திரத் துப்பாக்கியும் தானியங்கி ரைஃபிளும் படைக்குத் தேவைப்பட்டன. அரசு கொடுக்க முன்வந்த 7,50,000 டாலர், உரிமத்தொகையாகக் கிடைத்திருக்கக்கூடியதில் சிறு பகுதியே. பிரௌனிங் பேரம் பேசாமல் ஏற்றுக்கொண்டார். மகன் வால் பிரௌனிங் படையில் சேர்ந்து, தந்தையின் தானியங்கி ரைஃபிளுடன் பிரான்சுப் போர்முனையில் இருந்தார். இவர் தொடங்கி வைத்த .50 கனரக இயந்திரத் துப்பாக்கி இன்றும் பல படைகளில் வழக்கில் உள்ளது.

போருக்குப் பின் பிரான்சுப் படை அதிகத் தோட்டாக்கள் கொள்ளும் 9 மி.மீ. பிஸ்டல் ஒன்றை வேண்டியது. இப்பணியில் பிரௌனிங்குக்கு விந்தையான ஒரு தடை இருந்தது. 1911 பிஸ்டலின் காப்புரிமைகள் கோல்டுக்கு விற்கப்பட்டுவிட்டதால், தாம் கண்டுபிடித்ததையே தாம் தவிர்த்துப் புதிதாக வடிவமைக்க வேண்டியதாயிற்று. 1923இல் அதற்குக் காப்புரிமை கோரினார். 1926 நவம்பர் 26 அன்று ஏர்ஸ்டால் தொழிற்சாலையில் வேலையில் இருந்தபோது நெஞ்சுவலி ஏற்பட்டு, மகனின் அலுவலறையில் உயிர்நீத்தார். உடல் அமெரிக்கா கொண்டுசெல்லப்பட்டு ஆக்டனில் அடக்கம் செய்யப்பட்டது. காப்புரிமை அவர் இறந்து மூன்று மாதத்துக்குப் பின், 1927 பெப்ரவரியில் வழங்கப்பட்டது.

அப்பணியை முடித்தவர் பெல்ஜியரான தியூதோனே சைவ் (1888–1970). தோட்டாக்களை இரட்டை வரிசையில் அடுக்கி 13 தோட்டாக்கள் கொள்ளும் கூட்டை உருவாக்கியவர் அவரே. 1928இல் கோல்டின் காப்புரிமைகள் காலாவதியானதும், பிரௌனிங் தவிர்க்க நேர்ந்த சிறந்த அமைப்புகளை மீண்டும் சேர்த்தார். 1935இல் ஹை-பவர் என்ற பெயரில் அது வெளிவந்தது. எனவே இதனைப் பிரௌனிங் ஒருவரின் படைப்பாகச் சொல்வது சைவுக்கு இழைக்கும் அநீதியாகும். இரண்டாம் உலகப் போரில் ஏர்ஸ்டாலைக் கைப்பற்றிய செருமானியர் இதனைத் தமக்காகத் தயாரித்தனர். கனடாவின் இங்கிலிஸ் நிறுவனம் நேச நாடுகளுக்காகத் தயாரித்தது.

இந்தியாவும் ஓசூர்ப் பகுதியும்

இங்கிலிஸ் தயாரித்த அந்த மாதிரியைப் பின்பற்றியே மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை 9 மி.மீ. 1ஏ பிஸ்டலைச் செய்கிறது. படையிலும் காவல்துறைகளிலும் அதிகாரிகளின் உறையில் இது பரவலாகக் காணப்படுவது. ஏர்ஸ்டாலில் ஹை-பவர் தயாரிப்பு 2018இல் நிறுத்தப்பட்டு, 2022இல் மாற்றியமைத்த வடிவில் மீண்டும் தொடங்கியது.

கருநாடக எல்லையை ஒட்டிய ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, சவளகிரிப் பகுதிகளுக்குப் பிரௌனிங்கின் படைப்பு காவலர் வழியாக அன்றி வேட்டைக்காரர் ஒருவர் வழியாகவே புகழோடு அறிமுகமானது. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974), அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த இக்காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் வேட்டையாடி அவ்வனுபவங்களை நூல்களாக எழுதினார். சவளகிரிப் பெண்புலி, கும்மளாபுரத்துச் சிறுத்தை, சிவனிப்பள்ளிக் கருஞ்சிறுத்தை ஆகியவை அவற்றில் இடம்பெற்றவை. அவர் விரும்பிச் சுமந்தது .405 அளவுள்ள வின்செஸ்டர் 1895 மாதிரி ரைஃபிள். பிரௌனிங் வின்செஸ்டரோடு பிணங்கும் முன் கொடுத்த வடிவமைப்பு. அமெரிக்கத் தலைவர் தியோடர் ரூசவெல்ட் 1909இல் ஆப்பிரிக்க வேட்டைக்கு எடுத்துச் சென்றதும், டெக்சாசு ரேஞ்சர்கள் தம் குதிரைகளில் வைத்திருந்ததும் இதே மாதிரிதான். ஆண்டர்சன் நடந்த காடுகளில் ஒரு பகுதி 2014 முதல் காவிரி வடக்கு வனவிலங்கு உய்விடமாக உள்ளது.

கைத்துப்பாக்கியின் எல்லையையும் இதே காட்டுத்தொடர் காட்டியது. தமிழ்நாடு, கருநாடக மாநிலங்களின் சிறப்பு அதிரடிப் படைகள் வீரப்பனைத் தேடிய ஆண்டுகளில், புதரும் பாறையும் நிறைந்த இந்நிலத்தில் 13 தோட்டா பிஸ்டல் துணை ஆயுதமாக மட்டுமே இருக்க முடிந்தது. 2004 அக்டோபர் 18 இரவு தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே நடந்த இறுதி மோதலில் முழங்கியவை பெரும்பாலும் தானியங்கி ரைஃபிள்களே. பிஸ்டல் நகரத்துக்குரியது: சில அடி தொலைவு, நெரிசலான தெரு, சில நொடிகள். 1970களுக்குப் பின் சிப்காட் தொழிற்பேட்டைகளால் பெருநகராக வளர்ந்து, இரு மாநில வண்டிகளும் ஓயாது கடக்கும் ஓசூர் போன்ற எல்லை நகரில் பணிபுரியும் காவல் ஆய்வாளருக்கு அதுவே ஏற்ற ஆயுதம். தோலுறையில், கயிற்றால் இடுப்புவாரோடு பிணைக்கப்பட்ட அதனை ஒருமுறைகூட எவர்மீதும் சுடாமலே பணி ஓய்வு பெறும் அதிகாரிகளே மிகுதி.